முதல் கடல்நீர்த் தொட்டி: மீனுக்கு முன் இறாலைத் தேர்ந்தெடுங்கள்

கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைத்தான் பார்க்கிறார்கள். இறாலும் நத்தையும் நண்டும் தொட்டியைச் சுத்தம் செய்ய வரும் பணியாளர்கள் போலக் கடைசியில் வந்து சேர்கின்றன. சென்னையில் நான்கடித் தொட்டி ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பதுதான் என் முடிவு. எந்த இறால், எந்த நத்தை வாழப்போகிறது என்று முதலில் தீர்மானியுங்கள். அவற்றோடு ஒத்துப்போகும் மீன்களைப் பிறகு தேடுங்கள்.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, சாப்பாடு: கிளாத்தி வகை மீன்களுக்கு நண்டும் இறாலும் இயற்கையான இரை, சிங்க மீன் தன் வாய்க்குள் நுழையும் எதையும் விழுங்கும். இன்னொன்று, மருந்து: கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்துதான் பெரும்பாலும் கைகொடுக்கிறது. அதே தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். கல்லிலும் மணலிலும் அது ஊறித் தங்கிவிடுவதால் பின்னாளிலும் ஆபத்து உண்டு. எனவே இறால் இருக்கும் தொட்டியில் நோய் வந்தபின் வைத்தியம் பார்க்க முடியாது. புதிய மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதமாவது வைத்துக் கவனித்த பிறகே உள்ளே விட வேண்டும். இந்த ஒரு விதியில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

என் தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் கொள்ளும். உப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்டால் உப்புநீர் எவ்வளவு கனம் என்ற அளவு) 1.025 என்ற அளவிலும் வெப்பத்தை 26 டிகிரியை ஒட்டியும் வைத்திருக்கிறேன். கழிவிலிருந்து உருவாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும், அவற்றை மாற்றும் பாக்டீரியா வளர்ந்து பூஜ்யத்துக்கு வரும்வரை, தொட்டியில் மீனோ இறாலோ எதுவும் விடவில்லை. அந்த வாரங்களில் விலை மலிவான டாம்செல் மீன்களை விட்டுத் தண்ணீரைப் பக்குவப்படுத்தலாம் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். அம்மோனியாவில் அந்த மீன் படும் வேதனை ஒருபுறம். பிழைத்துவிட்டால் முழுத் தொட்டியும் தனக்கே சொந்தம் என்று பின்னால் வரும் சாதுவான மீன்களை ஓட ஓட விரட்டும். கல் நிறைந்த தொட்டியிலிருந்து அதைத் திரும்பப் பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருக்கும்.

எனக்கு மிகுந்த நிறைவு தந்த தேர்வு, பிஸ்டல் இறாலும் மஞ்சள் வாட்ச்மேன் கோபியும். கோபி நம் உளுவை இனத்தைச் சேர்ந்த சிறு மீன். இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு; மணலைத் தோண்டி வளை அமைப்பது அதன் வேலை. கோபி வாசலில் காவல் இருக்கும். வெளியே வரும்போதெல்லாம் இறால் தன் உணர்கொம்பை மீனின் மீது வைத்தபடியே நடமாடும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலைச் சிலிர்க்கும். இறால் உடனே உள்ளே போய்விடும். மணிக்கணக்கில் பார்த்தாலும் அலுக்காத காட்சி. இந்த ஜோடியை வாங்குபவர்கள் கல்லை மணல்மேல் அடுக்கக் கூடாது. கண்ணாடித் தளத்தின் மீதே கல்லை நிறுத்தி அதன் பிறகுதான் மணல் கொட்ட வேண்டும். இல்லையென்றால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரியும்.

கிளீனர் இறாலும் நல்ல துணை. மீனின் உடலில் இருந்து ஒட்டுண்ணிகளையும் செத்த தோலையும் கொத்தி எடுக்கும். ஆனால் அதை நம்பி நோய்த் தடுப்பைக் கைவிட முடியாது. அது ஓடு கழற்றும்போது செத்த இறால் ஒன்று கிடப்பது போலவே இருக்கும்; பதற வேண்டாம். உப்படர்த்தி சட்டென்று மாறுவதை மட்டும் அது தாங்காது. அதனால் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கிய பிறகே விட வேண்டும்.

மேல்மட்டத்தில் கோமாளி மீன் ஜோடி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருப்பதால், கடலில் பிடித்ததைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. சிறியதாக இரண்டை வாங்கினால் போதும். எல்லாக் குஞ்சுகளும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். வலுவானது பிறகு பெண்ணாக மாறும். கடலில் அவை குடியிருக்கும் கடற்சாமந்தி (சீ அனிமோன்) இல்லாமலும் தொட்டியில் நன்றாக வாழும். புதிய தொட்டியில் கடற்சாமந்தி பிழைப்பது கடினம் என்பதால் அதை வாங்கித் துன்புறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

நத்தைகளில் டர்போ பாசியை மேயும். நஸாரியஸ் மணலுக்குள் புதைந்திருந்து உணவு வாசனை பட்டதும் மேலே கிளம்பி வரும். துறவி நண்டு வேலைக்காரன்தான், ஆனால் ஓடு போதவில்லை என்றால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறும். வெவ்வேறு அளவில் காலி ஓடுகளைப் போட்டுவைத்தால் கொலை குறைகிறது, முற்றிலும் நிற்பதில்லை. இன்று புதிதாகத் தொடங்கினால் நண்டைத் தவிர்த்துவிடுவேன்.

ஆசையோடு கேட்கப்படும் இரண்டு மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல டாங் 30 செ.மீ. வரை வளரும், நீந்த நீளமான இடம் கேட்கும். நான்கடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கோப்பிபாடு என்னும் நுண்ணிய ஓட்டுயிரிகளைத்தான் தேடித் தின்னும். புதிய தொட்டியில் கண்ணெதிரே மெலிந்து சாகும். எவ்வளவு அழகாக இருந்தாலும் இவற்றை வாங்காதீர்கள்.

நம் கடற்கரையிலிருந்து எதையும் அள்ளி வந்து போடவும் கூடாது. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருக்கின்றன. தொட்டிக்குச் செயற்கைக் கல்லே போதும்; நீரைச் சுத்தமாக வைக்கும் பாக்டீரியா அதில் வளர நாளாகும், ஆனால் வளரும். மன்னார் வளைகுடாவின் பவளத்தைச் சுரண்டி வீட்டில் அழகு பார்ப்பது கடலை நேசிப்பவர் செய்யும் காரியமில்லை.

சென்னைக்கு என்று ஒரு சிக்கல், மே மாதம். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் நீர் வேகமாக ஆவியாகி உப்படர்த்தி ஏறும். தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். வசதி இருந்தால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்கிவிடுங்கள். ஒரு மீன் குறைவாக வாங்கினாலும் பரவாயில்லை.

நூறு லிட்டர் தொட்டியில் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் பட்டியல் சிறியது. தண்ணீர் பக்குவமானதும் நத்தைகள், பிறகு ஒரு கிளீனர் இறால், அதன் பின் கோபி–பிஸ்டல் ஜோடி. இடத்துக்குச் சண்டை பிடிக்கக் கூடிய கோமாளி ஜோடி கடைசியில். இன்னொரு மீன் வேண்டும் என்று மனம் கேட்டால் கோமாளி ஜோடிக்கு முன்பாகவே ஃபயர்ஃபிஷ் ஒன்று சேர்க்கலாம். அது மிரண்டால் துள்ளி வெளியே விழும், தொட்டிக்கு வலை மூடி கட்டாயம்.