அத்தையின் புட்டியும் சந்தைக் கீரைக்கட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் அத்தை வீட்டுச் சாமி மேடையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புட்டி இருக்கிறது. உள்ளே பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து), வைட்டமின் ஈ, செலினியம் என்ற தாது, கூடவே வைட்டமின் சி. விலை 160 வெள்ளி, அதாவது ரிங்கிட். மாமா பெருங்குடல் புற்றுநோயில் இறந்த பிறகு நேரடி விற்பனைக்கு வந்த ஒரு பெண்மணி, "இதைச் சாப்பிட்டால் வயிற்றிலும் குடலிலும் அந்த நோய் அண்டாது" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அத்தையின் கை இப்போது தினமும் இரண்டு மாத்திரை எண்ணுகிறது. லாரி ஓட்டும் அத்தை மகன், என் மச்சானும் போகிற போக்கில் அதே புட்டியிலிருந்து இரண்டை வாயில் போட்டுக்கொள்கிறார். அவர் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பவர். புட்டி வந்ததிலிருந்து காலைச் சந்தையில் அத்தை கீரை வாங்குவது குறைந்துவிட்டது.

மாத்திரைக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. சீனாவின் ஹெனான் மாநிலத்து லின்சியானில் 1986 முதல் 1991 வரை கிட்டத்தட்ட 30,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களிடையே இரைப்பைப் புற்றுநோய் மரணம் 21 சதவீதம் குறைந்தது. அத்தையின் புட்டியிலும் அதே மூன்றும் இருக்கின்றன. விற்க வந்தவர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தை ஆட்டிப்படைத்த உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதனால் அசைந்து கொடுக்கவில்லை. தவிர, அங்கிருந்தவர்கள் காலங்காலமாக இந்தச் சத்துகள் குறைந்த சாப்பாட்டையே சாப்பிட்டு வந்தவர்கள்.

குறையிருந்த இடத்தில் வைட்டமின் அற்புதம் செய்யும் என்பதற்கு நம் தோட்டத்துக் கதையே போதும். மலாயாவில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் சுரங்கத் தொழிலாளர்களை வாரிக்கொண்டு போன காலத்தில், புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. 1905-இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறுபகுதியினருக்குப் புழுங்கலும் கொடுத்துச் சோதித்தார். பச்சரிசிக்காரர்களுக்கு நோய் வந்தது. நெல்லை அவிக்கும்போது வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்போது வைட்டமின் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. நம் பாட்டிகள் மாத்திரையில்லாமலே தப்பித்தார்கள்.

குறையில்லாதவருக்கு மேலும் மேலும் ஊற்றினால்? பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். இதை மச்சானிடம் சொன்னேன். சிரித்தார், மறுநாள் புட்டியைத் தொடவில்லை. சிகரெட்டைத் தொட்டார். குடல் பக்கமும் கதை பெரிதாக மாறவில்லை. முன்பு குடலில் புற்றாக மாறக்கூடிய கட்டி வந்தவர்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2007) புதிய கட்டிகள் குறையவில்லை. முற்றிய கட்டிகள் கூடியதற்கான அறிகுறிதான் தெரிந்தது. சுமார் 36,000 பெண்களுக்கு ஏழாண்டு கொடுத்த கால்சியமும் வைட்டமின் டியும் பெருங்குடல் புற்றுநோயைக் குறைக்கவில்லை.

இனி சந்தைப் பக்கம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. ஆரஞ்சில் அதன் கால்வாசிதான். பதப்படுத்திய இறைச்சியில் சேர்க்கும் நைட்ரைட், வயிற்றுக்குள் புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரோசமைனாக மாறுவதைத் தடுப்பது இந்த வைட்டமின் சிதான். முருங்கைக் கீரை, காங்கோங், மரவள்ளிக் கொழுந்து, நீட்டுப் பயற்றங்காய் இவற்றில் ஃபோலேட்டோடு (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) நார்ச்சத்தும் வருகிறது. அத்தையின் மாத்திரையில் நார் இல்லை. கரோட்டின் வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனை நிற்கிறது. அதன் கச்சா பாமாயிலின் சிவப்பே கரோட்டின்தான். ஆலையில் சுத்திகரித்து வெளுத்தபிறகு மஞ்சள் தண்ணீராக நம் சமையலறைக்கு வருகிறது. இந்த வேடிக்கையை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கீரைக்கும் நான் கோயில் கட்டப் போவதில்லை. கீரை அதிகம் சாப்பிடுபவர்கள் மதுவும் சிகரெட்டும் குறைவாகவே தொடுவார்கள். நன்மை எதனால் என்று பிரிப்பது கடினம். குழையக் குழைய வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் வைட்டமின் சி அந்தத் தண்ணீரோடு போய்விடும். கீரையையே மருந்தாக்கினாலும் வினைதான். பல வைட்டமின் கீரை என்று புகழப்படும் தவசிக்கீரையை, இங்கே நாம் செக்கூர் மானிஸ் என்று முட்டையோடு வதக்கிச் சாப்பிடும் அதே கீரையை, 1990-களில் தைவானில் உடல் மெலிவதற்காகப் பச்சைச் சாறாகக் குடித்துப் பலர் நுரையீரலைக் கெடுத்துக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கு, சம்சு எனும் மலிவுச் சாராயம், வயிற்றில் குடியேறும் ஹெலிகோபேக்டர் கிருமி இவற்றின் முன்னால் ஒரு கட்டுக் கீரையால் என்ன செய்துவிட முடியும்?

புட்டியா கீரையா என்று கேட்டால் கீரை என்பேன், தயங்காமல். ஆனால் அத்தையின் பயத்துக்கு இரண்டுமே பதில் இல்லை. மாமாவுக்கு வந்தது அத்தைக்கு இரத்த வழியாக வராது. கவலைப்பட வேண்டியது மச்சான்தான். அவருக்குக் குடல் உள்நோக்குப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். அத்தையை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போனேன். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அங்கே மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பதிவுக்கு ஒரு வெள்ளி.

தாதி கொடுத்த சின்னக் குப்பியை அத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"160 வெள்ளிக்கு வாங்கியதைச் சாமி பக்கத்தில் வைத்தேன். இதை எங்கே வைப்பது, அய்யா?"