ரெண்டு வருஷம் எழுதாம விட்டா எந்த பிளாக் நிக்கும்? பிளாகர், வேர்ட்பிரஸ், ஸ்டாட்டிக் சைட் – ஒரு ஒப்பீட்டு அலசல்

பிளாக் எங்க வைக்கலாம்னு யாராவது கேட்டா வர்ற பதில் எல்லாம் தீம், எடிட்டர், கூகுள் தேடல்ல மேல வர்றது இதைச் சுத்தியேதான் இருக்கும். முதல் ஆறு மாசத்துக்கு அது சரி. பத்து பதினஞ்சு வருஷம் ஓடணும்னு நெனைக்கிற தனிப்பட்ட பிளாக்குக்கு நான் முதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நீங்க ரெண்டு வருஷம் எதுவுமே எழுதல, லாகின்கூட பண்ணலன்னு வைங்க, திரும்பி வரும்போது அந்த பிளாக் இருக்குமா? இந்த இடைவெளி எழுதுற எல்லாருக்கும் வருது. வேலை மாறும், குழந்தை பொறக்கும், உடம்புக்கு முடியாம போகும், இல்ல சும்மாவே எழுத மனசு வராது. திரும்பி வந்து பாக்கும்போது பழசெல்லாம் அப்படியே இருந்தா மறுபடி கை எழுத ஓடும். எரர் பேஜ் வந்து நின்னா நல்லா எழுதுறவங்ககூட அதோட விட்டுட்டுப் போயிடுறாங்க, அதைப் பாக்கும்போது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும்.

அதனால இந்த அலசல்ல எல்லாத்தையும் இந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் பாக்கப்போறேன்.

முதல்ல பிளாகர். 1999 ஆகஸ்ட்ல பைரா லேப்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சது, 2003ல கூகுள் வாங்கிச்சு. "கூகுள் இதை எப்ப வேணா மூடிடும்"னு எனக்குத் தெரிஞ்சு பல வருஷமா சொல்றாங்க, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா பயம் சும்மா வந்ததில்ல, பிளாகர் தப்பிச்சாலும் அதைச் சுத்தி இருந்ததெல்லாம் ஒண்ணொண்ணா போச்சு. 2013 ஜூலையில, பல பிளாக்கோட புதுப் பதிவுகளை ஒரே இடத்துல படிக்க வெச்ச கூகுள் ரீடர் போச்சு, அதை வெச்சு பிளாக் படிச்ச வாசகர்கள்ல ஒரு பெரிய கூட்டம் அதோட சேந்து காணாமப் போச்சு. 2019ல கூகுள் பிளஸ் மூடினப்ப, பிளாகர்ல கூகுள் பிளஸ் கமென்ட் வசதியை ஆன் பண்ணி வெச்சிருந்தவங்களோட கமென்ட் எல்லாம் அழிஞ்சுது. 2021ல, புதுப் பதிவை வாசகருக்கு அனுப்பிக்கிட்டு இருந்த ஃபீட்பர்னரோட ஈமெயில் சந்தா நின்னுச்சு. இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது, பிளாகரோட அடிப்படை வசதியை மட்டும் நம்பலாம், புதுசா ஒட்டவைக்கிற எதையும் நம்பி பிளாக்கைக் கட்டக்கூடாது.

ரெண்டு வருஷ சோதனையில பிளாகர் நல்லாவே தேறும். அப்டேட் கிடையாது, ஹோஸ்டிங் (சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்குற சர்வர் இடம்) புதுப்பிக்கிற வேலை கிடையாது, ஒரே நாள்ல ஆயிரக்கணக்குல ஆள் வந்து படிச்சாலும் படுத்துக்காது. ஒரே ஆபத்து கூகுள் அக்கவுண்ட். ரெண்டு வருஷம் ஒரு அக்கவுண்ட்டை தொடவே இல்லன்னா அதை நீக்குற உரிமை தனக்கு இருக்குன்னு கூகுள் அறிவிச்சிருக்கு, அதனால பிளாக்குக்குன்னு தனி ஈமெயில் போட்டு அப்புறம் மறந்துபோனவங்க உடனே போய் ஒரு தடவை லாகின் பண்ணிடுங்க. நாம தினம் திறக்குற இன்னொரு அக்கவுண்ட்டையும் பிளாக்ல அட்மினா சேத்து வெச்சா இன்னும் நல்லது. செட்டிங்ஸ்ல ரெண்டு நிமிஷ வேலை இது, ஆனா ஒரு அக்கவுண்ட் லாக் ஆனா மொத்த எழுத்தும் அதுக்குள்ள மாட்டிக்காம காப்பாத்துறது இதுதான்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு பிளாகர்ல ஒரு தனித் தொல்லை இருக்கு. தலைப்பு முழுக்க தமிழ்ல இருந்தா முகவரியில எதுவுமே வராது, "பிளாக்-போஸ்ட்"னு போட்டு பின்னாடி ஒரு நம்பர் ஒட்டிக்கும். நூறு பதிவு போட்ட பிறகு லிங்க்கை மட்டும் பாத்து எது எந்தப் பதிவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பதிவைப் போடுறதுக்கு முன்னாடியே பெர்மாலிங்க்ல, அதாவது பதிவோட முகவரியைக் குடுக்குற இடத்துல போய் ஆங்கில எழுத்துல ரெண்டு மூணு வார்த்தை குடுத்துட்டா தீந்துது. அப்புறம் சைடுபார். பழைய திரட்டிகளோட (பல பிளாக் பதிவுகளைச் சேத்துக் காட்டின சைட்டுகள்) ஓட்டுப்பட்டை, ஹிட் கவுன்ட்டர், ஏதோ ஒரு சைட்டோட விட்ஜெட், இதெல்லாம் செத்துப்போன சர்வரைத் தேடிக்கிட்டே பக்கத்தை இழுத்துப் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதுல தேவையில்லாததையெல்லாம் தூக்கிடணும்.

வேர்ட்பிரஸ் ரெண்டு விதம். அவங்களே சர்வர்ல வெச்சுக் குடுக்குறது வேர்ட்பிரஸ்.காம், அது பத்தி நீட்டிச் சொல்ல அதிகம் இல்ல. இலவசத் திட்டத்துல விளம்பரம் வரும், சொந்த டொமைன் (நமக்குன்னு பதிவு பண்ற இணைய முகவரி) இணைக்க காசு கட்டணும், ஆனா எழுதுற எடிட்டர் பிளாகரைவிட நல்லாருக்கும், எக்ஸ்போர்ட்டும் ஒழுங்கா வேலை செய்யும். 2010ல மைக்ரோசாஃப்ட் தன்னோட விண்டோஸ் லைவ் ஸ்பேசஸ் பிளாக் சேவையை மூட முடிவு பண்ணப்ப பயனர்களை இங்கதான் கொண்டு வந்து விட்டுச்சு. எழுதாம விட்டாலும் நிக்கும். விளம்பரத்தைப் பொறுத்துக்க முடிஞ்சா தாராளமா வைக்கலாம், எனக்கு என் எழுத்துக்கு நடுவுல நான் தேர்ந்தெடுக்காத விளம்பரம் வர்றது பிடிக்காது, அவ்வளவுதான்.

சொந்த ஹோஸ்டிங்ல வேர்ட்பிரஸ் போடுறது வேற உலகம். எல்லா சுதந்திரமும் இருக்கு, டிசைன் இஷ்டத்துக்கு மாத்தலாம், என்ன வசதி வேணும்னாலும் அதுக்கு ஒரு பிளகின், அதாவது ஒட்டவைக்கிற சின்ன புரோகிராம் இருக்கும். 2003ல மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வெளியிட்டது, இன்னிக்கு வரைக்கும் திறந்த மூலம்தான், அந்த விஷயத்துல எனக்கு அது மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா ரெண்டு வருஷ சோதனையில முதல்ல விழறது இதுதான். வீட்டைப் பூட்டிட்டுப் போனா கரையான் வர்ற மாதிரி, யாரும் பாக்காத வேர்ட்பிரஸ் சைட்டுக்கு பாட், அதாவது ஓட்டை தேடி தானா சுத்துற புரோகிராம் வரும். 2017 தொடக்கத்துல 4.7, 4.7.1 பதிப்புகள்ல ஒரு ஓட்டை வெளிய வந்துது, லாகினே இல்லாம அடுத்தவன் பதிவை மாத்தி எழுதலாம், அப்டேட் பண்ணாம விட்ட ஏகப்பட்ட சைட்டுகளோட பதிவை அப்படியே மாத்தி எழுதிட்டாங்க. 2013ல வந்த 3.7ல இருந்தே சின்ன அப்டேட் தானா நடக்குற வசதி இருக்கு, அதை யாராவது ஆஃப் பண்ணி வெச்சிருந்தா உடனே ஆன் பண்ணுங்க. அதுவும் வேர்ட்பிரஸை மட்டும்தான் காப்பாத்தும். பிளகின் எழுதினவர் கைவிட்டுட்டுப் போயிருப்பார், ஹோஸ்டிங் கம்பெனி வேர்ட்பிரஸ் ஓடுற பிஹெச்பி மொழியோட பதிப்பை ஏத்தியிருக்கும், பழைய தீம் அதுல ஓடாது, திறந்தா வெள்ளைப் பக்கம். இதுக்கெல்லாம் மேல ஹோஸ்டிங் சந்தா, அது கட்டுற கார்டு காலாவதி ஆயிட்டா மொத்தமும் போச்சு, சில மாசம் கழிச்சு பேக்கப்பையும் அழிச்சிடுவாங்க.

இங்கயும் தமிழுக்கு ரெண்டு பிரச்சனை இருக்கு, ரெண்டையும் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. ஒண்ணு முகவரி. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியில வைக்கும், பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் சதவீதக் குறியோட சேந்து 9 எழுத்தா விரியும். டேட்டாபேஸ்ல அதுக்கு இருக்கற இடம் 200 எழுத்து. கணக்குப் போட்டா 22 குறி, "கு"ங்கற ஒரு எழுத்தே ரெண்டு குறி, அதனால ரெண்டு மூணு வார்த்தையிலயே தலைப்பு பாதியில வெட்டுப்பட்டுடும். அந்த லிங்க்கை காப்பி பண்ணி யாருக்காவது அனுப்பினா சதவீதக் குறியா நீளமா போகும், சில இடத்துல உடைஞ்சும் போகும். இங்கயும் முகவரியை ஆங்கில எழுத்துல சுருக்கமா வைக்கறதுதான் வழி.

ரெண்டாவது இதைவிட மோசம், ஹோஸ்டிங் மாத்தும்போது டேட்டாபேஸ் எழுத்துக்குறி அமைப்பு பொருந்தலன்னா தமிழ் முழுக்க சிதைஞ்சிடும். தலைக்கு மேல கோடு போட்ட லத்தீன் எழுத்துக் குவியலா வந்தா பெரும்பாலும் மீட்டுடலாம், பதறாதீங்க. வெறும் கேள்விக்குறியா மாறியிருந்தா அந்த எழுத்து அங்க இல்லவே இல்ல, பழைய பேக்கப்புல இருந்து எடுத்தாத்தான் உண்டு. அதனால புது இடத்துல ஒரு தமிழ்ப் பதிவை முழுசா திறந்து படிச்சுப் பாக்காம பழைய ஹோஸ்டிங்கை ரத்து பண்ணவே கூடாது.

ஸ்டாட்டிக் சைட் எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. 2008ல ஜெகில் வந்துது, 2013ல ஹ்யூகோ, ரெண்டுலயும் வேலை ஒரே மாதிரிதான், நீங்க மார்க்டவுன்ல (எளிய குறிகள் போட்ட சாதா டெக்ஸ்ட்) எழுதி வைக்கிற டெக்ஸ்ட் ஃபைலை எடுத்து ரெடிமேட் ஹெச்டிஎம்எல் பக்கமா மாத்திக் குடுக்கும், அதைக் கொண்டுபோய் கிட்ஹப் பேஜஸ் மாதிரி இலவச இடத்துல போட்டுடலாம். டேட்டாபேஸ் இல்ல, சர்வர்ல ஓடுற புரோகிராமும் இல்ல, அதனால உடைச்சுக்கிட்டு உள்ள வர்றதுக்கு வழியும் ரொம்பக் கம்மி. உங்க எழுத்தோட மூலப் பிரதி எப்பவும் உங்க கம்ப்யூட்டர்லயே சாதா டெக்ஸ்ட்டா இருக்கும், இருபது வருஷம் கழிச்சு எந்த கம்பெனியும் இல்லாம போனாலும் நோட்பேட்ல திறந்து படிக்கலாம். இந்த ஒண்ணுக்காகவே இதை நான் மேல வைப்பேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா சைட் அப்படியே இருக்கும், ஆனா புதுப் பதிவு போடப்போனா சிக்கும். எந்த கமாண்ட் குடுத்தோம்னு மறந்திருக்கும், கம்ப்யூட்டரே மாறியிருக்கும், ஜெகில்னா அது ஓடத் தேவையான ரூபி மொழியோட பதிப்பு ஒத்துப்போகாது, புது ஹ்யூகோவுல பழைய தீம் எரர் அடிக்கும். ஹ்யூகோ ஒரே ஒரு ஃபைல்ல அடங்குற புரோகிராம், அதனால வேலை செஞ்ச அந்தப் பதிப்பையே பதிவுகளோட சேத்து ஒரு ஃபோல்டர்ல வெச்சுடுங்க, பக்கத்துல "பதிவு போடுறது எப்படி"ன்னு உங்களுக்கு நீங்களே நாலு வரி எழுதி வைங்க. போன்ல இருந்து சட்டுனு ஒரு பதிவு போடணும்னாலோ, பதிவுக்குக் கீழ கமென்ட் பேச்சு வேணும்னாலோ இது சரிப்படாது, செய்யலாம், ஆனா சுத்தி வளைச்சுத்தான் செய்யணும்.

மீடியம், சப்ஸ்டாக், ஃபேஸ்புக் இதையெல்லாம் நான் பிளாக்குக்கு மாத்தா எடுத்துக்க மாட்டேன். வாசகர் வருவாங்க, உடனே வருவாங்க, அது உண்மை. மீடியம் ஆரம்பிச்சதே பிளாகரை உருவாக்கின இவான் வில்லியம்ஸ்தான், ஆனா அங்க காசு கட்டாம எவ்வளவு படிக்கலாம்னு தீர்மானிக்கிறது அவங்க. ஃபேஸ்புக்ல அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எழுதின நல்ல பதிவை நீங்களே தேடி எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். சப்ஸ்டாக்ல வாசகர் ஈமெயில் பட்டியலை எடுத்துக்கிட்டு வெளிய வரலாம், அது பெரிய நல்ல குணம். பிளாக்ல எழுதிட்டு லிங்க்கை இங்கெல்லாம் போடுறதுதான் சரி. இடம் மூடுறது கற்பனை இல்ல, ஜியோசிட்டிஸ் 2009ல, போஸ்டரஸ் 2013ல, டைப்பேட் 2025ல மூடுச்சு, ஒவ்வொண்ணுலயும் ஆளுங்க வருஷக்கணக்கா எழுதியிருந்தாங்க.

சொந்த டொமைன் வேணுமாங்கறதுல மட்டும் எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது. வேணும்னு சொல்ல நல்ல உதாரணம் பிளாகர்லயே இருக்கு, 2012ல இருந்து நாட்டுக்கு ஒரு முகவரின்னு மாத்தினாங்க, இந்தியாவுல திறந்தா பிளாக்ஸ்பாட் டாட் இன்னு வரும், எல்லாரும் அதையே காப்பி பண்ணி பகிர்ந்தாங்க, 2020ல அந்த டாட் இன் பெயர் கூகுள் கையை விட்டே போச்சு, அந்த லிங்க் எல்லாம் செத்துது. அதே சமயம் பிளாக்ஸ்பாட் டாட் காம் முகவரிக்கு காலாவதி தேதி கிடையாது, சொந்த டொமைனுக்கு உண்டு. ஒரே தடவையில அதிகபட்சம் 10 வருஷத்துக்கு பதிவு பண்ணலாம், முடிஞ்சா பண்ணிடுங்க, ஆட்டோ ரினியூவலும் போடுங்க. இன்னொண்ணு, பிளாகர்ல டொமைன் இணைச்ச பிறகு பழைய பிளாக்ஸ்பாட் முகவரி தானா டொமைனுக்குத்தான் திருப்பிவிடும். டொமைன் காலாவதியாகி வேற யாராவது எடுத்துக்கிட்டா உங்க வாசகர் நேரா அவங்க பக்கத்துல போய் நிப்பாங்க. டொமைனைத் தொடர முடியாதுன்னு தெரிஞ்ச உடனே செட்டிங்ஸ்ல அதை எடுத்துடணும்.

என் வரிசை இதுதான். டெக்ஸ்ட் ஃபைல், கமாண்ட் லைன் கூச்சம் இல்லாதவங்க ஹ்யூகோ போடுங்க. மத்தவங்க, அதாவது எழுதுறதுல மட்டும் ஆர்வம் இருக்கறவங்க, பிளாகர் எடுத்து சொந்த டொமைன் இணைங்க, டொமைனை மறந்துடுவோம்னு பயம் இருந்தா அதுகூட வேணாம். சொந்த ஹோஸ்டிங் வேர்ட்பிரஸ், அந்தப் பராமரிப்பையே விரும்பிச் செய்யறவங்களுக்கும் மாசம் ஒரு தடவையாவது உள்ள போய்ப் பாக்குறவங்களுக்கும் மட்டும்.

பேக்கப் விஷயத்துல பிளாகரும் வேர்ட்பிரஸும் ஒரே மாதிரி ஏமாத்தும். ரெண்டுமே குடுக்குற எக்ஸ்எம்எல் ஃபைல்ல பதிவும் கமென்ட்டும் இருக்கும், படம் இருக்காது, படத்தோட லிங்க் மட்டும்தான் இருக்கும். மூல சைட் போயிட்டா படமும் போச்சு. படங்களை தனியா இறக்கி, பதிவோட பெயர்லயே ஃபோல்டர் போட்டு வைங்க, முக்கியமான பதிவுகளை இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்லயும் ஒரு தடவை சேமிச்சிடுங்க. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாறும்போது முதல்ல பதிவு எண்ணிக்கையையும் கமென்ட் எண்ணிக்கையையும் ரெண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்க. பதிவை மறுபடி எழுதிடலாம், கீழ வந்து சண்டை போட்டவங்க, திருத்தினவங்க, தன் கதையைச் சொன்னவங்க எழுதினதைத் திரும்ப வாங்க முடியாது, மாத்துற வேலையில சத்தமில்லாம விடுபடுறதும் பெரும்பாலும் அதுதான்.