வாரண்ட்டை 48 மணி நேரத்துல கிளியர் பண்றோம்னு சொல்ற ஆன்லைன் சர்வீஸ்காரங்களை நம்பாதீங்க, 18,500 ரூபாய் போச்சு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர், பந்தலூர் பக்கம் யார் மேலயாவது கோர்ட் வாரண்ட் இருந்தா, இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, போன்ல எதையும் தேடிப் பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. கோபத்துல எழுதறேன், வரிசை முன்ன பின்ன இருக்கும்.

எங்க மாமா கோத்தகிரி பக்கத்துல சின்ன தேயிலைத் தோட்டம் வெச்சிருக்கார். பைனான்ஸ் கடனுக்குக் கொடுத்த செக் திரும்பி, குன்னூர் கோர்ட்டுல செக் மோசடிக்கான 138 கேஸ் ஓடுது. வாய்தாவுக்குப் போகல. ஆள் வர முடியலைன்னா அன்னைக்கு ஒருநாள் விலக்கு கேட்டு வக்கீல் மனு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 317-வது பிரிவு, 2024 ஜூலை 1-க்கு அப்புறம் அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்துல 355. அதுவும் போடல. ஜாமீன்ல வர முடியாத பிடிவாரண்ட் ஆயிடுச்சு. ஸ்டேஷன்காரர் ஒருத்தர் வீடு தேடி வந்து நல்ல விதமாத்தான் சொல்லிட்டுப் போனார்: "ஐயா, வக்கீலைப் பார்த்து ரீகால் பண்ணிக்கோங்க", அதாவது கோர்ட்டுல சொல்லி வாரண்ட்டை ரத்து பண்ணிக்கோங்கன்னு. கோர்ட்டுக்குப் போனா அங்கேயே உள்ளே வெச்சிடுவாங்கன்னு மாமாவுக்குப் பயம். இந்தப் பயத்தை வெச்சுத்தான் இவனுங்க பிழைப்பே நடக்குது.

அந்தப் பயத்துல மாமா போன்ல தேடிப் பிடிச்சது, வக்கீல் சேவைன்னு விளம்பரம் போடற ஒரு ஆன்லைன் சர்வீஸ். பேர் வேண்டாம், இதே மாதிரி நிறைய இருக்கு. போன் பண்ணின உடனே எதிர்ல இருந்த பொண்ணு மாமா பேர், எதிர்த்தரப்பு பைனான்ஸ் பேர், எஸ்.டி.சி நம்பர் (கேஸ் நம்பர்தான்), அவங்க வக்கீல் பேர், அடுத்த வாய்தா தேதி எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சிருக்கு. அந்த இடத்துலதான் மாமா விழுந்தார். "கோர்ட்டுக்குள்ளயே ஆள் வெச்சிருக்காங்கடா மாப்ளே"ன்னு என்கிட்டயே சொன்னார். உள்ளே ஒரு ஆளும் கிடையாது. அது அத்தனையும் கோர்ட்டுகளோட இ-கோர்ட்ஸ்ங்கற தளத்துலயும் ஆப்லயும் யார் வேணா காசில்லாம பார்க்கற விவரம்.

தேடறதுக்கு 3,500. ரீகால் பண்ண 9,000. வாரண்ட் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டுக்கு 6,000. மொத்தம் 18,500 ரூபாய், கொழுந்து போட்ட காசு. மூணு தடவையும் ஜிபே போனது ஏதோ தனி ஆள் பேருக்கு.

இதுல முதல் 3,500 சுத்தக் கொள்ளை. வாரண்ட் லிஸ்ட்னு பொதுமக்கள் பார்க்கற தனிப் பட்டியல் எதுவும் இல்ல. கேஸைப் பிடிச்சாத்தான் வாரண்ட் தெரியும். இ-கோர்ட்ஸ்ல தமிழ்நாடு, நீலகிரி, அப்புறம் கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, பேர்லயோ, கேஸ் நம்பர்லயோ, எஃப்.ஐ.ஆர் நம்பரும் ஸ்டேஷனும் போட்டோ தேடலாம். ஒவ்வொரு கேஸுக்கும் தனியா இருக்கற 16 இலக்க சி.என்.ஆர் நம்பர் கையில இருந்தா நேரா அதுவே போதும். பேர்ல தேடறவங்க கவனமா இருங்க. பெள்ளி, போஜன், நஞ்சன்னு ஒரே ஹட்டியில (எங்க ஊர்ப்பக்கம் கிராமத்துக்குப் பேர்) ஒரே பேர்ல பல பேர் இருப்பாங்க. பெள்ளிங்கறதை ஆங்கிலத்துல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமா எழுதுவாங்க. இனிஷியலை முன்னாடி போட்டுத் தேடினா சில சமயம் வரவே வராது. பேரோட முதல் மூணு நாலு எழுத்தை மட்டும் போட்டு, ஒவ்வொரு வருஷமா மாத்திப் பாருங்க.

கேஸ் திறந்ததும் அடுத்த வாய்தா எதுக்குன்னு பாருங்க. என்.பி.டபிள்யூ (ஜாமீன்ல வர முடியாத பிடிவாரண்ட்) பெண்டிங்னு இருந்தா வாரண்ட் உயிரோட இருக்கு. கீழே பழைய வாய்தா தேதிகளைத் தொட்டா அன்னைக்கு கோர்ட்டுல என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி வரும். எதிரி (கேஸ்ல குற்றம் சாட்டப்பட்டவர்) ஆஜராகல, மனு இல்ல, வாரண்ட் பிறப்பிக்கன்னு இருக்கும். அந்தத் தேதியைக் குறிச்சுக்கோங்க, ரீகால் மனுவுக்கு அது வேணும். ரொம்ப வருஷமா ஆள் போகலைன்னா கேஸை எல்.பி.சி ரெஜிஸ்தருக்கு (நீண்ட காலமா நிலுவையில இருக்கற கேஸ்களுக்கானது) மாத்தியிருக்கலாம், பழைய நம்பர்ல சிக்காம போகலாம். அப்போ அந்தக் கோர்ட் ஆபீஸ்லதான் வக்கீலையோ குமாஸ்தாவையோ விட்டுப் பார்க்கணும்.

அப்புறம் அந்த சர்டிபிகேட். 6,000 ரூபாய்க்கு வந்தது ஒரு பி.டி.எஃப். மேல அசோகச் சின்னம், கீழே நீலக்கலர்ல வட்ட சீல். "கோத்தகிரி மாவட்ட நீதிமன்றம்"னு தலைப்பு. கேஸ் இருக்கறது குன்னூர்ல. மாவட்ட நீதிமன்றம் இருக்கறது ஊட்டியில. கேஸ் நம்பர் இல்ல, மனு நம்பர் இல்ல, எந்த மாஜிஸ்ட்ரேட்டுன்னு இல்ல. உத்தரவு தேதி ஒரு ஞாயித்துக்கிழமை. இதைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டு பீரோவுல வெச்சிருந்தார் மாமா, வயிறு எரியுது.

வாரண்ட் கிளியரன்ஸ் சர்டிபிகேட்னு கோர்ட்டுல ஒண்ணு கிடையவே கிடையாது. வாரண்ட் முடிவுக்கு வர்றதுக்கு ரெண்டே வழிதான். போலீஸ் அதை நிறைவேத்தணும், இல்லைன்னா பிறப்பிச்ச அதே கோர்ட் ரத்து பண்ணணும். பி.என்.எஸ்.எஸ் 72(2) இதைத்தான் சொல்லுது, பழைய சட்டத்துல 70(2). வருஷம் ஓடினா வாரண்ட் தானா செத்துப் போகாது. ஆப்லயோ வாட்ஸ்அப்லயோ அது போகாது.

மாமா அவங்களுக்குத் திருப்பித் திருப்பி போன் போட்டார். இன்னும் பெண்டிங்னே காட்டுதேம்மான்னு கேட்டா, சர்வர் அப்டேட் ஆகலை சார். அப்புறம் கோர்ட் லீவு சார். அப்புறம் உங்க கம்ப்ளெய்ன்ட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கோம், டீம் கூப்பிடுவாங்க. அப்புறம் போனே எடுக்கல.

போன வாரம் விடியக்காலையில போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஆஸ்பத்திரியில உடம்பைச் சோதிச்சு, கோர்ட்டுல நிறுத்தி, ரெண்டு ஜாமீன்தாரர் கொடுத்து அன்னைக்கே ஜாமீன் கிடைச்சது. ஊரே பார்த்துச்சு. அதுக்கப்புறம் வேற நம்பர்ல இருந்து நான் கூப்பிட்டா, "கேஸ் க்ளோஸ் ஆயிடுச்சு சார், எங்க சர்வீஸுக்கு ரேட்டிங் கொடுங்க"ன்னு சொல்றாங்க. ரீஃபண்ட் கேட்டா, கன்சல்டேஷன் பீஸ் திருப்பித் தர மாட்டோம். 18,500 ரூபாய்க்கு என்ன கன்சல்டேஷன் கொடுத்தீங்கன்னு கேட்டேன். லைனை வெச்சுட்டாங்க.

இந்த வேலையை முறையா செஞ்சா எப்படி இருந்திருக்கும்னு சொல்லிடறேன். அந்தந்தக் கோர்ட் வாசல்லயே வக்கீல்கள் இருக்காங்க. வக்காலத்து போட்டு, ஏன் வரலைன்னு காரணம் எழுதி ரீகால் மனு தயார் பண்ணி, ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி ஆதாரம் இருந்தா சேர்த்து, வாய்தா தேதிக்குக் காத்திருக்காம காலையில கோர்ட் உட்காரும்போதே நேர்ல நிக்கணும். தானா வந்து நிக்கற ஆளையும் போலீஸ் பிடிச்சுட்டு வர்ற ஆளையும் கோர்ட் ஒரே மாதிரி பார்க்காது. அபராதம் கட்டச் சொல்லலாம், புது ஜாமீன்தாரர் கேட்கலாம். அதனால ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோட ரெண்டு பேரை முன்னாடியே சொல்லி வைங்க. கூடலூர், பந்தலூர்க்காரங்க ஊட்டி கோர்ட்டுல கேஸ் இருந்தா முதல் நாளே வந்து தங்கிடுங்க, மழைக்காலத்துல ரோட்டை நம்ப முடியாது.

உத்தரவு ஆனதும் வீட்டுக்குப் போயிடாதீங்க. பாதிப் பேர் மறுபடி மாட்டறது இங்கதான். ரீகால் ஆன தகவல் ஸ்டேஷனுக்குப் போய், அவங்க வாரண்ட் ரெஜிஸ்தர்ல அடிக்கற வரைக்கும் அங்க அது உயிரோடதான் இருக்கும். நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கி, ஒரு ஜெராக்ஸை ஸ்டேஷன்ல கொடுத்து கையெழுத்து வாங்கிக்கோங்க. இன்னொண்ணு சட்டைப் பையிலயே இருக்கட்டும்.

காசில்லைன்னு பயப்படாதீங்க. ஊட்டியில மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, தாலுகாவுல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. பெண்கள், எஸ்.சி, எஸ்.டி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு இலவசமா வக்கீல் போட்டுத் தருவாங்க. சட்ட உதவி எண் 15100-க்கு அடிச்சுக் கேளுங்க.

இன்னும் நிறைய எழுதணும்னு உட்கார்ந்தேன், கை நடுங்குது. முக்கியமானதை மட்டும் சொல்லி விடறேன். உங்க கேஸ் நம்பரை ஒப்பிக்கறவனை நம்பாதீங்க. வக்கீல்னு சொன்னா பார் கவுன்சில்ல வக்கீலா பதிவு பண்ணின எம்.எஸ். நம்பர் கேளுங்க, சொல்லத் தயங்கினா வைங்க போனை. வக்கீல்கள் ஆன்லைன்ல விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கறதை 2024 ஜூலையில சென்னை உயர்நீதிமன்றமே கண்டிச்சிருக்கு. கோர்ட்டுக்கு வரவே வேண்டாம்னு சொல்றவன் பொய் சொல்றான். தனி ஆள் பேர்ல ஜிபே கேட்டா அனுப்பாதீங்க. அனுப்பிட்டீங்கன்னா அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க, யூ.டி.ஆர் நம்பர் (பணம் அனுப்பினதுக்கான பரிவர்த்தனை எண்), ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. மாமாவோட 18,500-க்கு நேத்துதான் புகார் போட்டோம். ரொம்ப லேட்டு, பணம் அந்தக் கணக்கை விட்டு எப்பவோ போயிருக்கும்னு சொல்றாங்க.