நிலத்தடி இசைக்காட்சி: நேரடி ஒலிப்பதிவா, பிளேபேக்கா?

நெரிசலான ஒரு நிலத்தடி அறை, மேடையில் இசைக்குழு, கூட்டத்துக்குள் ஒரு காதல். சுயாதீனப் படம் எடுப்பவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. குழு உண்மையிலேயே வாசிக்கட்டுமா, முன்பே பதிந்த பாட்டுக்கு வாயசைக்கட்டுமா?

செலவு
நேரடி: கருவிக்கொரு தனித் தடம், அறை ஒலிக்கு இரண்டு மைக், அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர்.
பிளேபேக்: தளத்தில் ஸ்பீக்கர் போதும். ஆனால் ஸ்டுடியோ செலவு படப்பிடிப்புக்கு முன்பே வந்துவிடும்.

எடிட்டிங்
நேரடி: டேக்குக்கு டேக் வேகம் மாறும். இரண்டாம் டேக்கின் குளோசப்பை முதல் டேக்கில் ஒட்டினால் டிரம் குச்சியும் சத்தமும் விலகி நிற்கும். இரண்டு மூன்று கேமராக்களை ஒன்றாக ஓட்டுங்கள், அல்லது டிரம்மர் காதில் மட்டும் கிளிக் (வேகத்தைக் காட்டும் சீரான ‘டிக் டிக்’ ஒலி) கொடுங்கள்.
பிளேபேக்: எந்த டேக்கும் எதனோடும் பொருந்தும்.

நம்பகம்
நேரடி: உடையும் குரலும் புடைக்கும் கழுத்து நரம்பும் தானாக வரும். இதற்கு ஈடே கிடையாது.
பிளேபேக்: வாயசைப்பவர் மூச்சிழுக்க மறப்பார், குட்டு அங்கேதான் உடையும். சத்தமாகப் பாடச் சொல்லியே எடுங்கள்.

வசனம்
நேரடி: பேச்சு இசையில் மூழ்கிவிடும், டப்பிங்தான் கதி.
பிளேபேக்: பேசும்போது பாட்டை நிறுத்தி, சுமார் 40 ஹெர்ட்ஸ் தாழ்ந்த துடிப்பை மட்டும் ஒலிக்கவிடுங்கள். ஆடுபவர்கள் தாளம் தப்பமாட்டார்கள். அந்தத் துடிப்பைப் பிறகு ஹை-பாஸ் ஃபில்டரில் (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி) நீக்கலாம். அமைதியான தளத்தில் நடிகர்கள் தன்னையறியாமல் கிசுகிசுப்பார்கள். இசைக்கு மேல் கத்திப் பேச வைக்காவிட்டால் காட்சி பொய்யாகிவிடும்.

நடிப்பவர்களே இசைக்கலைஞர்கள், பாட்டு வெட்டில்லாத ஒரே நீண்ட ஷாட் என்றால் நேரடிதான். ஒற்றைக் கேமரா, நிறைய வெட்டு, நடுவில் காதலர் பேச்சு என்றால் பிளேபேக்.