கரையோரப் பழைய வீடு: இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா?

கடலோ ஏரியோ, தண்ணீரைப் பார்த்த மனைக்கு விலை ஏறிக்கொண்டே போகும். அதன் மேல் நிற்கும் வீடு வருடா வருடம் தேய்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் கொடுக்கிற பணம் பெரும்பாலும் மண்ணுக்குத்தான், வீடு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்றை வாங்கினால் பார்க்கிறவர்கள் எல்லாம் "இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க" என்பார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் கடப்பாரையை எடுக்க மாட்டேன்.

பழைய வீட்டில் விலைமதிப்பானது சுவரோ கூரையோ இல்லை, அது நிற்கிற இடம். கரையிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்ற விதி பல ஊர்களில் பிற்பாடு வந்தது. அதற்கு முன்பே கட்டிய வீடு தண்ணீருக்கு இருபதடியில் நிற்கும், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இடித்துவிட்டால் அந்தச் சலுகையும் கூடவே போய்விடலாம். புது வீடு பின்னால் தள்ளிப்போகும். எந்தக் காட்சிக்காகக் காசு கொடுத்தோமோ, அதைப் பக்கத்து மனையில் இடிக்காமல் விட்ட வீடு மறைத்துக்கொண்டு நிற்கும். மனை நீளம் குறைவு என்றால் கட்டவே இடமிருக்காது.

சரி, செப்பனிடலாம் என்றால் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்ட விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ள அபாயப் பகுதியில் செப்பனிடும் செலவு கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தைத் தொட்டால், பழைய வீட்டையும் புது வீட்டுக்கான தரத்துக்கு, அதாவது வெள்ள மட்டத்துக்கு மேல், உயர்த்தியாக வேண்டும். கவனியுங்கள், கட்டடத்தின் மதிப்பு மட்டும். மனை கணக்கில் வராது. நூறில் தொண்ணூறு மனை, பத்துதான் வீடு என்றால் உங்கள் வரம்பு ஐந்து. கூரையும் சமையலறையும் மாற்றினாலே தாண்டிவிடும்.

கடலோரம் என்றால் விதிக்கு முன்னால் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு தூண்களையும் கூரையின் அடிப்பக்கத்தையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல காங்கிரீட் கணீரென்று கேட்கும். சில இடங்களில் பொத்தென்று ஒரு வெற்றுச் சத்தம் வரும். அங்கே உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்திருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் மேலே காரை உப்பிப் பெயர்கிறது. கம்பி போகிற போக்கிலேயே பழுப்புக் கோடாக விரிசல் ஓடினால், மேலே பூசி மறைப்பது ஓரிரு வருடத்துக்குத்தான் தாங்கும். அந்த வீட்டை இடிப்பதே நல்லது. புதிதாகக் கட்டும்போது தூண் மேல் உயர்த்தலாம், கம்பிக்கு மேல் காங்கிரீட்டைத் தடிமனாக விடலாம். செலவு கூடத்தான், ஆனால் நிம்மதி உண்டு. உப்பு இல்லாத ஏரிக்கரை வீட்டில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை; அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு செப்பனிடுகிற பக்கம்.

அப்புறம், மண்தான் சொத்து என்ற கணக்கே கரை அரிக்காத வரைதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ரொடாந்தே என்ற கடலோர ஊரில் 2020க்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கடலில் விழுந்திருக்கின்றன. வீட்டுக் காப்பீடு பொதுவாகக் கட்டடத்துக்குத்தான். அரித்துப்போன மனைக்கு யாரும் தரமாட்டார்கள். இப்படி ஓர் இடத்தில் இடிப்பதும் செப்பனிடுவதும் இரண்டும் வீண்.

அங்கே மிஞ்சுவது மூன்றாவது வழி, வீட்டையே நகர்த்துவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரொடாந்தேக்குத் தெற்கே கேப் ஹேட்டரஸில், கடல் நெருங்கியதால் 1870இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கத்தையே 1999இல் தண்டவாளத்தில் ஏற்றி 2,900 அடி உள்ளே கொண்டுபோனார்கள். மர வீடு அதைவிட எத்தனையோ லேசு. ஆனால் நகர்த்தப் பின்னால் மண் வேண்டும். மனை வாங்கும்போது கரைப் பக்கம் எத்தனை அடி என்று அளக்கிறவர்கள், பின்பக்க ஆழத்தையும் அளந்துகொள்வது நல்லது.