இலவசக் காயின் ஸ்லாட் செயலி: ஆடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

மண்டபத்தில் விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகெல்லாம் கரையில். வலை வேலை, இஞ்சின் வேலை போக மிச்ச நேரம் பையன்கள் செல்போனோடுதான் இருப்பார்கள். இந்த முறை அவர்கள் அதிகம் ஆடியது ஒரு ஸ்லாட் செயலி. பட்டனை அழுத்தினால் படம் போட்ட சக்கரங்கள் (ரீல்) சுற்றி நிற்கும், ஒரே படம் வரிசையாக விழுந்தால் காயின் கிடைக்கும். இதே அச்சில் நிறைய இருப்பதால் பெயர் சொல்லவில்லை.

படம் தெளிவு, பழைய போனிலும் திணறாமல் ஓடுகிறது. இறக்கியதும் லட்சக்கணக்கில் காயின் இலவசம். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் ஜெயித்த காயினை ஒருபோதும் பணமாக்க முடியாது. முதல் திரையிலேயே சொல்ல வேண்டிய இந்த விஷயத்தை விதிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, ரெண்டு மணிப் படம் விழுந்துருச்சு, மூணாவது ஒரு கட்டம் தள்ளிப் போச்சு. அடுத்த சுத்துல விழுந்துரும்" என்றான் ஒரு பையன். ஸ்லாட்டில் போன சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் சம்பந்தமே கிடையாது. பட்டனை அழுத்தியதுமே உள்ளே இருக்கும் நிரல் எந்த ஒழுங்கும் இல்லாமல் எண்களை எடுத்து முடிவு செய்துவிடுகிறது. அப்புறம் ரீல் சுற்றுவதும், மெதுவாவதும், மணி தயங்கி நிற்பதும் அந்த முடிவைக் காட்டும் படம் மட்டுமே.

1890களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த லிபர்ட்டி பெல் போன்ற பழைய இயந்திரங்களில், ரீலில் என்ன கண்ணுக்குத் தெரிந்ததோ அதுதான் வாய்ப்பு. ரீலுக்கு 20 படம், அதில் ஒரு மணி என்றால், மூன்று மணியும் சேர 8,000இல் ஒரு வாய்ப்பு. 1984இல் டெல்னேஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இதை மாற்றியது. தெரிகிற ரீல் வேறு, எந்த எண்ணுக்கு எந்தப் படம் என்று கணினி வைத்திருக்கும் பட்டியல் வேறு. அந்தப் பட்டியலில் ரீலுக்கு 64 எண் இருந்து மணிப் படத்துக்கு ஒன்றுதான் என்றால், மூன்று மணியும் சேர வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. மணிக்கு மேலும் கீழும் இருக்கும் கட்டங்களுக்கு எண்களை அதிகமாக ஒதுக்கிவிட்டால், மணி அடிக்கடி ஒரு கட்டம் தள்ளியே நிற்கும். இந்தச் செயலி எப்படி ஒதுக்கியிருக்கிறது என்று எங்கும் போடவில்லை.

ஆர்டிபி என்கிற திரும்பும் விகிதமும் இல்லை. நான் முதலில் தேடியது அதைத்தான். 96 சதவீதம் என்றால் லட்சக்கணக்கான சுற்றுகளின் சராசரியில் 100 ரூபாய்க்கு 96 திரும்பும். ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரியில் அப்படியே வரும் என்று அர்த்தமில்லை. பத்து ரூபாய் ஆட்டம், ஆறு நொடிக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 சுற்று, 6,000 ரூபாய் பந்தயம், சராசரி நஷ்டம் 240 ரூபாய். விகிதம் 90 ஆக இருந்தால் 600 ரூபாய். வேகம் கூடக்கூட நஷ்டமும் கூடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஒன்றுக்குத்தான். ஒரே சுற்றில் படம் சேருகிறதா என்று பார்க்கும் கோடுகள் 20, அதற்கு 20 காயின் கட்டுகிறோம், 6 காயின் வருகிறது. உடனே மேளம், வாணவேடிக்கை, 'வெற்றி' என்று பெரிய எழுத்து. என் நோட்டில் அது 14 காயின் நஷ்டம். பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட்டுகளுக்கு இப்படிக் கொண்டாடுவதை 2021இல் தடை செய்தார்கள். தானாகச் சுற்றும் வசதியையும் நிறுத்தினார்கள், ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 நொடி என்றும் வைத்தார்கள். இந்தச் செயலியிலோ தானாகவும் சுற்றலாம், ஒரு நொடிக்குள்ளும் சுற்றலாம்.

இந்தச் செயலிக்கு ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று கொடுக்கிறேன். எந்தப் படத்துக்கு எவ்வளவு என்ற பட்டியலைத் தமிழிலும் தந்திருக்கிறார்களே, அதற்காக.

இதே மாதிரித் தோற்றத்தில் 'பணம் எடுக்கலாம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வேறு சங்கதி. பணம் கட்டி ஆடும் ஸ்லாட் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை, 2025இல் ஒன்றிய அரசும் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. அதில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். இலவசச் செயலிதான் வேண்டும் என்றால், பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டு ஆடுங்கள். எங்கள் படகுப் பையன்கள் போனிலெல்லாம் அப்படித்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.